ஜி டிராயரில் ஒருத்தி, டி டிராயரில் ஒருத்தி

நான் ஒரு திருடி என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் ஒரு மாதமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. நான் உள்ளே போனால் பேச்சு நின்றது. ஒருவர் டீ கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு நகர்ந்தார். சுனிதா என் புடவை நன்றாக இருக்கிறது என்று அடுத்தடுத்த நாள் சொன்னாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சுனிதா காரியமில்லாமல் யாரையும் புகழ்கிறவள் இல்லை.

கடைசியில் கூப்பிட்டுச் சொன்னவர் கிளிஃபர்ட் சார். எங்கள் கல்லூரியின் ஆராய்ச்சிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். என் பி.எச்.டி. தீசிஸ் முடிந்து பைண்டிங்குக்குப் போகக் காத்திருந்தது. பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்கு முன், இதில் பிறர் எழுதியது எதுவும் திருடப்படவில்லை என்று குழு ஒரு சான்றிதழ் தர வேண்டும். மாதக் கடைசிக்குள் தீசிஸ் உள்ளே போகாவிட்டால் என் பதிவு காலாவதி ஆகிவிடும். ஏற்கெனவே நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனிமேல் கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். ஐம்பது தாண்டிய வயதில் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதி, சின்னப் பிள்ளைகளோடு இன்டர்வியூவுக்கு உட்கார என்னால் ஆகாது. இந்த முறை விட்டால் விட்டதுதான்.

"உக்காருங்க பிரிஜெட். ஒரு சின்ன விஷயம்," என்றார் கிளிஃபர்ட் சார். அவர் சின்ன விஷயம் என்று ஆரம்பித்தால் பெரிய தலைவலி என்று அர்த்தம்.

"சர்டிபிகேட் ரெடியா சார்?"

"அதுலதான் ப்ராப்ளம். இன்னொருத்தங்க ஒர்க்கை நீங்க எடுத்துட்டீங்கன்னு ஒரு பாயின்ட் வந்திருக்கு. ஜோகுபாளையம் குழாயடி பத்தி 2001ல ஒரு ஆர்ட்டிகிள் எழுதினீங்களே, அது. உங்க தீசிஸோட ரெண்டாவது சாப்டரே அதை வெச்சுத்தானே."

"யாரோட ஒர்க்கை?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். "ஜி. பிரிஜெட்னு ஒருத்தங்க. 1994 எம்.பில்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "சார், அது நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க டி. பிரிஜெட்."

"கல்யாணத்துக்கு முன்னாடி ஜி. எங்கப்பா பேரு ஞானசேகரன். கல்யாணம் ஆனப்புறம் டி. டெரிக்."

"இருக்கலாம்," என்றார்.

இருக்கலாமாம். இந்த மனிதர் டெரிக்கின் நண்பர். என் கல்யாணத்துக்கு வந்து, பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். என் வீடு தெரியும், என் பிள்ளைகளைத் தெரியும், என் மாமியாருக்குச் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பதுகூடத் தெரியும். அதைச் சொல்லிக் காட்டினேன்.

"உங்களை டெரிக் வீட்டுக்காரம்மாவாத்தானே நான் முதல்ல பாத்தேன்? அதுக்கு முன்னாடி உங்க இனிஷியல் என்னன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். அதில் நியாயம் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சலை இன்னும் அதிகமாக்கியது.

"யாரு சார் இந்தப் பாயின்டைக் கண்டுபிடிச்சது?"

"வீணா. காலேஜ்ல போடற கட்டுரை வால்யூமுக்கு அவங்க கொடுத்த பேப்பர்ல ஒரு புட்நோட் போட்டிருக்காங்க. நான் அதுக்கு எடிட்டர், படிச்சுட்டேன். படிச்சுட்டுப் படிக்காத மாதிரி உங்க சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

வீணா என் டிபார்ட்மென்ட் பெண். எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காருகிறவள். தினமும் காலையில் "குட் மார்னிங் மேடம்" சொல்லி, மத்தியானம் அவள் டிபனில் இருக்கும் புளியோதரையில் ஒரு கரண்டி எனக்கு எடுத்து வைத்துவிட்டு, ஓய்ந்த நேரத்தில் நான் திருடி என்று அடிக்குறிப்பு எழுதியிருக்கிறாள்.

இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் எங்கள் கார்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஹிஸ்டரி டிபார்ட்மென்டில் சுவரோரமாக ஒரு மர அலமாரி நிற்கிறது. ஏ முதல் இசட் வரை சின்னச் சின்ன டிராயர்கள். லைப்ரரி கம்ப்யூட்டருக்கு மாறியபோது பழைய சாமான்காரனுக்குப் போட இருந்ததை நான் சண்டை போட்டுக் கொண்டுவந்தேன். டிபார்ட்மென்டில் யார் எதைப் படித்தாலும் ஒரு மஞ்சள் கார்டு எழுதி உள்ளே போட வேண்டும். எழுதியவர் பெயர், தலைப்பு, ஆண்டு, எங்கே கிடைக்கும், மேல் மூலையில் ஒரு எண். அதிலிருந்து எடுக்கிற குறிப்புகள் வெள்ளைக் கார்டில். ஒரு கார்டுக்கு ஒரே ஒரு குறிப்பு, மூலையில் அந்த மஞ்சள் கார்டின் எண். பேப்பர் எழுத உட்கார்ந்தால் வெள்ளைக் கார்டுகளை மேசையில் பரப்பி, சீட்டு அடுக்குவது போல மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். எது முன்னே, எது பின்னே என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். எந்த வரி யாருடையது என்று மூலையைப் பார்த்தால் போதும். லேப்டாப்பில் ஐம்பது பைலைத் திறந்து வைத்துக்கொண்டு "எங்கயோ படிச்சேன் மேடம், எங்கன்னு ஞாபகம் இல்ல" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேலி செய்யாதவர்கள் இல்லை. "ரேஷன் கார்டு மேடம்" என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஆளாளுக்கு இஷ்டப்படி எழுதிக் குழப்பியதால் அலமாரியின் மேல் விதிகளை டைப் செய்து ஒட்டினேன். பெயரை அச்சில் உள்ளபடியே எழுதவும். நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம். இனிஷியல் எழுத்தின்படி டிராயரில் போடவும். பெயரின்படி போட்டால் கன்டோன்மென்ட் பக்கத்து மேரிகளும் பிரிஜெட்களும் ஒரே டிராயரில் நெரிசலாகிவிடுவார்கள், மற்ற டிராயர் எல்லாம் காற்று வாங்கும். அதனால் அப்படிச் செய்தேன். ரொம்பப் புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

இந்த விதிகளை ஒழுங்காக மதித்தது வீணா ஒருத்திதான். அந்த மதிப்புதான் என் கழுத்தில் வந்து விழுந்தது.

கிளிஃபர்ட் சார் அறையிலிருந்து நேராக டிபார்ட்மென்டுக்குப் போனேன். வீணா தனியாக உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் எண்ணிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தாள்.

"ஒரு மாசமா என் மூஞ்சியப் பாத்துட்டே இருந்தியே, ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உனக்கு?" என்றேன்.

"எப்படி மேடம் கேக்கறது? நீங்க திருடினீங்களான்னா?"

"பிரிஜெட்னு பேரைப் பாத்ததும் அது நானா இருக்கும்னு தோணாதா? மூளை வேணாமா?"

"அல்சூர் பக்கம் பிரிஜெட்டுக்கா பஞ்சம் மேடம்? என் எம்.ஏ. கிளாஸ்ல மட்டும் ரெண்டு பேர் இருந்தாங்க. இது இனிஷியலே வேற. நீங்களா எதையும் சேக்க வேணாம்னு நீங்கதான் ஒட்டி வெச்சிருக்கீங்க."

"கல்யாணம் ஆனா இனிஷியல் மாறும்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கும் கல்யாணம் ஆயிடுச்சு மேடம். மாறலையே. எங்க செட்டுல யாரும் மாத்தறதில்ல." அவள் அதை எதிர்த்துச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் என்னவோ முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது.

பிறகு எழுந்து போய் டி டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் கார்டையும் ஜி டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் கார்டையும் எடுத்து வந்தாள். அவற்றோடு சேர்ந்த வெள்ளைக் கார்டுகளைத் தன் பெட்டியிலிருந்து எடுத்து என் மேசை மேல் ஜோடி ஜோடியாக வைத்தாள். இடது பக்கம் 1994, வலது பக்கம் 2001. நான் குனிந்து படித்தேன். "வரிசையில் ஆள் நிற்க வேண்டியதில்லை. செங்கல் நின்றால் போதும். எந்தச் செங்கல் யாருடையது என்று தெருவுக்கே தெரியும்." இது இடது பக்கம். வலது பக்கத்திலும் அதே செங்கல், அதே தெரு. அடுத்த ஜோடியில் உடைந்த பிளாஸ்டிக் குடத்தை இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போன கர்ப்பிணிப் பெண். இரண்டு பக்கமும் அவளே. அதற்கு அடுத்ததில் தண்ணீர் வரும் முன்னால் குழாய் இருமுகிற சத்தம். இரண்டு பக்கமும் அதே இருமல்.

வேலை சுத்தமாக இருந்தது. ஒரு எண் தப்பில்லை, ஒரு மேற்கோள் குறி விட்டுப்போகவில்லை. வேறு யாரைப் பற்றியாவது இப்படிக் கண்டுபிடித்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். என்னைப் பற்றி என்பதால் நெஞ்சு எரிந்தது.

"அது நீங்கதான்னா நான் புட்நோட்டை எடுத்துடறேன் மேடம்," என்றாள் வீணா. "ஆனா சோர்ஸ்னு என்ன எழுதட்டும்? நீங்க வாயால சொன்னதுக்கு எப்படிக் கார்டு போடறது?"

எனக்கு வந்த கோபத்தில் மேசையில் இருந்த டஸ்டரை எடுத்துத் தூர வைத்தேன். கையில் இருந்தால் எங்கே எறிவேன் என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடினேன். எம்.பில். சான்றிதழ் கிடைத்தது, அதில் ஜி. பிரிஜெட். சர்ச்சில் கொடுத்த கல்யாண சான்றிதழ் கிடைத்தது, அதில் ஞானசேகரன் மகள் பிரிஜெட் மேரி, இனிஷியலே இல்லை. கல்லூரி வேலைக்கான உத்தரவில் டி. பிரிஜெட். என் கணவர் டெரிக், ரிட்டயர் ஆன பிறகு எந்த விஷயத்துக்கும் கருத்து சொல்லக் காத்திருக்கிறவர், சோபாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எதுக்கு இவ்ளோ டென்ஷன்? அந்தப் பழைய எம்.பில்லை நான் எழுதலன்னு சொல்லிடேன். விட்டுடு, போவுது," என்றார்.

"எழுதலன்னு சொன்னா நான் திருடினேன்னு ஒத்துக்கிட்டதா ஆவும். அதுகூடப் புரியலையா உங்களுக்கு?"

"சரி சரி, கத்தாத. இந்த டி எப்ப வந்துச்சு? நானா மாத்தச் சொன்னேன்?"

"பேங்க்ல அக்கவுண்ட் திறக்கப் போனோமே, கல்யாணமான புதுசுல. அந்த கிளார்க்கு டின்னு போட்டான். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. வேணாம்னு சொன்னீங்களா?"

"நீ சொன்னியா?"

நானும் சொல்லவில்லை. அன்று அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. புதுத் தாலி, புது வீடு, புது இனிஷியல், எல்லாம் ஒரே பொட்டலத்தில் வந்தது. அதன் பிறகு ரேஷன் கார்டு, வேலை விண்ணப்பம், ஓட்டர் லிஸ்ட் என்று ஒவ்வொன்றாக டி ஏறிக்கொண்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் எல்லாக் காகிதத்தையும் கிளிஃபர்ட் சார் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல ஜி இருக்கு. இதுல டி இருக்கு. இதுல ரெண்டும் இல்ல," என்றார். "ரெண்டும் சேந்து ஒரே பேப்பர்ல இல்லையே பிரிஜெட்."

"நான் சேந்துதான் உங்க முன்னாடி உக்காந்திருக்கேன் சார்."

"எனக்குத் தெரியுது. பைலுக்குத் தெரியணுமே. ஒரு அஃபிடவிட் போட்டுக் கொண்டாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு. எல்லாரும் போடறதுதான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. 2001 ஆர்ட்டிகிள்ல, இது என் எம்.பில்ல வந்ததுன்னு ஒரு வரி போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே. ஏன் போடல?" என்று கேட்டார்.

"என்னை நானே எதுக்கு சார் மேற்கோள் காட்டணும்? பெருமை பீத்திக்கிற மாதிரி இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார். அதற்கும் ஒரு பைல் இருக்கும் போலிருக்கிறது.

டெரிக்கைச் சாட்சிக் கையெழுத்துக்கு இழுத்துக்கொண்டு மேயோ ஹால் பக்கம் போனேன். அங்கே ஒரு சந்தில், போட்டோகாப்பி கடையின் பாதியைத் தடுத்துக் கிருஷ்ணப்பா என்ற நோட்டரி உட்கார்ந்திருந்தார். தூறல். வாசலில் ஒரே சேறு.

"ஏனு மேடம், ப்ராப்பர்ட்டியா, பென்ஷனா?" என்றார்.

"ரெண்டும் இல்ல. நான் ரெண்டு பேருல ஆர்ட்டிகிள் எழுதியிருக்கேன். ரெண்டும் நான்தான்னு வேணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டெரிக்கைப் பார்த்து, "இப்பரூ ஒப்பரேனா சார்?" என்று கன்னடத்தில் கேட்டார். இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்று, என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே அவரைக் கேட்கிறார்.

"ஒப்பளே சார், ஒப்பளே," என்றார் டெரிக். "இந்த ஒருத்தியவே சமாளிக்க முடியல." இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கிருஷ்ணப்பாவிடம் அச்சடிக்கத் தயாராக ஒரு மாதிரி இருந்தது. பெயரை மட்டும் மாற்றி, பிரின்ட் எடுத்து, எங்களிடம் கையெழுத்து வாங்கி, முத்திரையை ஓங்கிக் குத்தினார். வேலை முடிந்தது என்று நிம்மதியாக மெட்ரோவில் ஏறி உட்கார்ந்தேன். கூட்டம் குறைந்ததும் காகிதத்தை எடுத்துப் படித்தேன். "காலஞ்சென்ற ஜி. பிரிஜெட் என்பவரும் டி. பிரிஜெட் என்பவரும் ஒரே நபரே என்று உறுதி கூறுகிறேன்" என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் இருந்தது. செத்துப்போன அப்பாவின் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது என்று பென்ஷனுக்கும் வீட்டுக்கும் அலைகிற பிள்ளைகளுக்காகச் செய்து வைத்த மாதிரி அது. என்னை அதில் போட்டுக் கொன்றுவிட்டார்.

டெரிக் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. "எப்போ தவறினாங்க? அடக்கத்துக்கு நான் வந்தேனா?" என்றார். நான் அல்சூர் ஸ்டேஷன் வரும் வரை அவரோடு பேசவில்லை.

மறுநாள் முதல் பீரியடை விட்டுவிட்டு டெரிக்கோடு மறுபடி அந்தச் சேற்றைத் தாண்டினேன். கிருஷ்ணப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. "அட்ஜஸ்ட் மாடி மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. சின்ன வேர்டு. யாரும் படிக்கமாட்டாங்க," என்றார். படிக்கிறதுதான் எங்கள் வேலை என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? அந்தச் சொல்லை எடுக்கும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தார். புது ஸ்டாம்ப் பேப்பர், புது முத்திரை, மறுபடி டெரிக்கின் கையெழுத்து. இந்த முறை அங்கேயே நின்று மூன்று தடவை படித்தேன்.

கிளிஃபர்ட் சார் அதைப் படிக்கவேயில்லை. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பைலில் கோத்தார். டிராயரைத் திறந்து என் சான்றிதழை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது முன்பே டைப் ஆகித் தயாராகக் கிடந்திருக்கிறது. "ரெண்டாவது சாப்டர்ல, இது என் முந்தைய ஆய்வுன்னு ஒரு லைன் சேத்துடுங்க. அவ்ளோதான், முடிஞ்சுது," என்றார். மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஸ்டாஃப் ரூமில் விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. சுனிதா, "எனக்கு அப்பவே தெரியும் பிரிஜெட்" என்றாள். என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன், சான்றிதழ் கையில் இருக்கிறது, பைண்டிங்காரன் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறான். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ யாரையாவது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால்தான் மதியச் சோறு இறங்கும் போலிருந்தது.

அஃபிடவிட்டின் ஒரு காப்பியை எடுத்துக்கொண்டு டிபார்ட்மென்டுக்குப் போனேன். வீணா மேசையில் அதை வைத்தேன்.

"இந்தா. சோர்ஸ் கேட்டியே. முத்திரையோட இருக்கு. போடு கார்டு."

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அந்தக் கல்லூரியிலேயே அதை முழுசாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். படித்து முடித்ததும், "சாரி மேடம்," என்றாள். அது வாயிலிருந்து வந்த சாரி இல்லை, மனசிலிருந்து வந்தது. அதனால் நான் மேலே கத்த முடியாமல் போயிற்று.

புது மஞ்சள் கார்டு ஒன்றை எடுத்து, மணிமணியான கையெழுத்தில் டி. பிரிஜெட் என்று எழுதி, இரண்டு ஆய்வுகளையும் அதிலேயே வரிசையாகப் போட்டாள். கீழே அஃபிடவிட்டின் தேதி. பழைய டி கார்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பழைய ஜி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அதையும் கிழி. அதான் ஒரே ஆள்னு ஆயிடுச்சே," என்றேன்.

கிழிக்கவில்லை. கார்டின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னும் சந்தேகமா உனக்கு? கவர்னர்கிட்ட போய்க் கையெழுத்து வாங்கிட்டு வரணுமா?"

"சந்தேகம் இல்ல மேடம்."

"பின்ன?"

"சொன்னா கோச்சுக்குவீங்க."

"ஏற்கெனவே கோவத்துலதான் இருக்கேன். புதுசா ஒண்ணும் வராது, சொல்லு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்த எம்.பில்லை நான் யுனிவர்சிட்டி லைப்ரரியில தூசி தட்டி எடுத்தேன் மேடம். என் பேப்பருக்கு ஒரு சாப்டர் படிச்சாப் போதும். ஆனா மொத்தமும் படிச்சேன். மறுபடி ஒரு தடவ படிச்சேன். என்னா மாதிரி எழுதியிருக்காங்க. குடத்தோட போயி வரிசையில நின்னு, திட்டு வாங்கி, சண்டைய விலக்கப் போயி அடி வாங்கி, அதையும் எழுதியிருக்காங்க. யாருக்கும் பயப்படல. வார்டு ஆளு ஒருத்தரு குழாய்க்குப் பூட்டுப் போட்டாரே, அந்த ஆளு வீட்டுக்கே போயிக் கேள்வி கேட்டிருக்காங்க. கடைசிப் பக்கத்துல, இது ஆரம்பம்தான், அத்திபெலே வரைக்கும் ஒவ்வொரு குழாயடியா நடந்து போகப்போறேன்னு எழுதியிருக்கு."

எனக்கு அந்த வரி மறந்தே போயிருந்தது. அத்திபெலே வரைக்கும் நான் போகவில்லை. கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஓசூர் போகும்போது பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன், அவ்வளவுதான். ஜோகுபாளையத்தைத் தாண்டி ஒரு குழாயடியில்கூட நான் அதற்குப் பிறகு நிற்கவில்லை. 2001 கட்டுரை அதே எம்.பில்லின் சுருக்கம். தீசிஸின் இரண்டாவது சாப்டர் அந்தக் கட்டுரையின் விரிவு. முப்பது வருஷமாக ஒரே தண்ணீரைக் குடம் மாற்றி ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

"இவங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு ரொம்பத் தேடினேன் மேடம்," என்றாள் வீணா. "எங்கயும் ஒரு ஆர்ட்டிகிள்கூட இல்ல. ஜோகுபாளையத்துல தெருத்தெருவா கேட்டுப் பாத்தேன், யாருக்கும் தெரியல. அப்புறம் உங்க கட்டுரையில அவங்க வரி அப்படியே இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இப்படி ஒரு பொண்ணை யாரும் கண்டுக்கல, எழுதினதையும் இன்னொருத்தர் எடுத்துக்கிட்டாங்கன்னு. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல, உங்களைப் பகைச்சுக்கக் கூடாதுன்னு வீட்டுல சொன்னாங்க. ஆனாலும் அவங்களுக்காக ஒருத்தராவது சொல்லணும்னுதான் அந்த புட்நோட்டைப் போட்டேன்."

எனக்காக இத்தனை வருஷத்தில் யாரும் இப்படி ஒரு சண்டை போட்டதில்லை. அதையும் எனக்கு எதிராகவே போட்டிருக்கிறாள்.

"எங்கயோ வெளிநாட்டுல பெரிய ஆளா இருப்பாங்க, ஒரு நாள் கண்டுபிடிச்சுப் போயிப் பாக்கணும், பேசணும்னு நெனச்சுட்டிருந்தேன் மேடம்." கார்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அது நீங்கதான்னு தெரிஞ்சதும்..."

நிறுத்திவிட்டாள்.

"தெரிஞ்சதும்?"

"கொஞ்சம் ஏமாத்தமா போச்சு மேடம்."

அவள் பயந்துபோய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். வாயைத் திறந்தால் இத்தனை நாள் கோபமும் கொட்டிவிடும் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

"எனக்கும்தான் வீணா," என்றேன்.